ஆடியில் விதைக்காதே என்று சொன்னவன்

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு காலண்டர்கள். ஒன்று நான் வேலை பார்க்கும் பால் பவுடர் தொழிற்சாலையில் கொடுப்பது. பன்னிரண்டு மாதமும் மாடுதான். மாடு நிற்கும் புல்வெளி மட்டும் மாறும். இன்னொன்று ஊரிலிருந்து வருகிற தினசரிக் காலண்டர். தை பிறப்பதற்குள் யார் பெட்டியிலாவது வைத்து அனுப்பச் சொல்லி அதை வரவழைத்துவிடுவாள் என் மனைவி வசந்தி. நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற இந்த ஊரில், ராகுகாலம் பார்த்துத் துணி துவைக்கும் மிஷினை ஓட்டுகிற ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்வேன். அவள் அதை மாட்டியது ராகுகாலத்துக்காக அல்ல என்பது எனக்குத் தெரிவதற்கு அவள் சாக வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது உலக உருண்டையின் கீழ்ப்பக்கம். ஆந்திர எல்லையில், எங்கள் நகரியிலும் புத்தூரிலும் ஆடிக்காற்று அடிக்கிறபோது இங்கே புல் மேல் பனி உறைந்து, செருப்புக்கடியில் நொறுங்கும். அங்கே மார்கழிக் குளிரில் கோலம் போடுகிறபோது இங்கே மின்விசிறி. இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு இது பழகிவிட்டது. நான் நகரிக்காரன், எலக்ட்ரீஷியன். எந்த ஊரானாலும் ஒயருக்குள் ஓடுவது ஒன்றுதான் என்று நினைக்கிற ஜாதி. வசந்தி குப்பம் பக்கத்தில் குடுபல்லிக்காரி. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புரளும். இந்தத் தலைகீழ் கணக்கை அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏதோ ஒரு செடி வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதப்போய், ஆறு வருடம் முன்பு அவள் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். குழுவின் பெயர் 'மண்ணும் கையும்'. நாராயணவனத்துக்காரி தேவகி என்கிற பெண் ஆரம்பித்தது. புத்தூர், சத்தியவேடு, திருப்பதி என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு நாற்பது பேர். மாடியில் பை வைத்து வளர்ப்பவர்கள், கொல்லையில் பாத்தி கட்டியவர்கள், ஒரே ஒரு துளசி மட்டும் வைத்திருப்பவர்கள். அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. செடியைப் படம் எடுத்துப் போட்டால் பக்கத்தில் உங்கள் கை இருக்க வேண்டும். காயின் அளவு தெரியும். இணையத்தில் சுட்ட படம் இல்லை என்பதும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கையை வைத்து அடையாளம் சொல்வார்கள்.

வசந்தியின் கை கறுத்த கை. குட்டை விரல்கள். ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. எங்கள் கொல்லையில் ஒரு கண்ணாடிக் குடில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்குள் கத்தரி, பீர்க்கங்காய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கறிவேப்பிலை. அக்காவுக்குக் கைராசி என்று அந்த நாற்பது பேரும் சொல்வார்கள். எனக்கு அவள் கையில் கிடைத்ததெல்லாம் சாப்பாடு என்பதால், ராசியைப் பற்றி நான் யோசித்ததில்லை.

2

போன வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. "கறிவேப்பிலைத் தொட்டிய வூட்டுக்குள்ள வெக்கணும். பனி வந்துடும். ஒரு கை புடிங்க" என்றாள். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். குடிலின் வாசலில் விழுந்து கிடந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தூங்கும்போதுகூட நடந்திருக்கலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன். தொட்டி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

தகனம் முடிந்த ஐந்தாம் நாள். மகள் நித்யா வெலிங்டனுக்குத் திரும்பிவிட்டாள். சமையலறை மேடையில் கிடந்த வசந்தியின் போன் 'டிங்' என்றது. நாராயணவனம் தேவகி. ஓட்டை விழுந்த கத்தரி இலை, பக்கத்தில் அவள் கை. "அக்கா, இது இன்னா பூச்சி? ஒரு வாரமா ஆளையே காணோமே?"

விஷயத்தைச் சொல்லிவிடத்தான் போனை எடுத்தேன். 'அக்கா காலமாகிவிட்டார்' என்று அடித்தேன். அந்த எழுத்துகளைப் பார்க்க முடியவில்லை. அழித்தேன். பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்ததில் இதே போன்ற ஓர் இலைக்கு வசந்தி எழுதிய பதில் இருந்தது. புள்ளி வண்டு, விடிகாலையில் செடியை உலுக்கினால் விழும், பொறுக்கிப் போடு, வேப்பெண்ணெய் அடி. அதையே எடுத்து அனுப்பினேன்.

"தேங்ஸ்க்கா" என்று உடனே வந்தது.

வசந்திக்கு ஒருத்தி நன்றி சொல்கிறாள். அப்படியென்றால் வசந்தி எங்கேயோ இருக்கிறாள். பைத்தியக்காரத்தனம்தான். அன்றைக்குத்தான் அவள் போனபிறகு முதல் தடவையாகத் தூங்கினேன்.

3

இந்த நாட்டில் ஒருவர் இறந்துபோனால் அழுவதற்கு முன்னால் படிவம் நிரப்ப வேண்டும். வங்கி, வரி அலுவலகம், கார் பதிவு, நூலகம். ஆமாம், அவள் எடுத்துவந்திருந்த புத்தகத்துக்குக்கூட. முதல் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் நம் ஊர் வழக்கப்படி, "மை வைஃப் இஸ் நோ மோர்" என்றேன். அவள் பொறுமையாகச் சிரித்து, "நோ மோர் வாட்?" என்று கேட்டாள். இனிமேல் என்னவாக இல்லை என்று கேட்கிறாள். வேலைக்காரியாகவா, வாடிக்கையாளராகவா? 'டெட்' என்கிற மொட்டைச் சொல்லை மனைவிக்குச் சொல்ல எனக்கு அன்றுவரை நாக்கு வந்ததில்லை. அன்று சொன்னேன். அப்புறம் எட்டு அலுவலகத்தில் சொன்னேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொல்லவில்லை. போன் கம்பெனி. வசந்தியின் எண்ணை மூடிவிட்டால் குழு போய்விடும். என்னவோ சரிபார்க்க அவர்கள் அழைத்து, "வாடிக்கையாளரிடம் பேசலாமா?" என்று கேட்டபோது, "தோட்டத்தில் இருக்கிறாள்" என்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நித்யா வந்தாள். நான் எந்தப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தவள், "டாட், அம்மாவின் பெயரில் நீயா எழுதுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் எதையும் ஆங்கிலத்தில்தான் கேட்பாள். எட்டு வயதில் பள்ளிக்கூட வேனில் யாரோ சிரித்ததிலிருந்து தமிழை விட்டாள்; நாங்களும் போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டோம். "அந்தப் பெண்களுக்கு இது நீ செய்யும் துரோகம்" என்றாள். "நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். மறுநாள் அவள் கேட்டாள், "ஆச்சு" என்றேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் தப்பித்தேன். பிள்ளைக்கு நம் மொழி தெரியவில்லையே என்று எத்தனையோ நாள் வருந்தியவன், அன்றைக்கு அதில் நிம்மதி அடைந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

4

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை; என் புளுகு பதின்மூன்று மாதம் ஓடியது.

கறிவேப்பிலையை நான் உள்ளே எடுத்து வைக்கவே இல்லை. முதல் கடும்பனியில் கருகிவிட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. அதனால் வசந்தியின் போனில் இருந்த பழைய படங்களைப் போட்டேன், அவள் கையோடு. அவை தீர்ந்தபோது கடையில் ஒரு மிளகாய்ச் செடி வாங்கி என் கையை வைத்து எடுத்தேன். மின்சார வேலை செய்து காய்த்த ஆண்பிள்ளைக் கை. போட முடியுமா? தோட்டக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு எடுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி.

திருப்பதியில் சுஜாதம்மா என்று ஒருவர். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் வசந்தி அவருக்கு மட்டும் குரல் பதிவாக, தெலுங்கில் பதில் அனுப்புவாள். அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்? 'தொண்டையில் கோளாறு, டாக்டர் பேசக் கூடாது என்கிறார்' என்று, அவர் மகன் படித்துச் சொல்லும்படி, ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு குரல் பதிவு அவரிடமிருந்து வரும். மிளகு போட்டுப் பால் குடி. துளசித் தண்ணீரில் கொப்பளி. எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

தேவகியிடமிருந்து இன்னொரு வழக்கம் தொடங்கியிருந்தது. அங்கே காலை ஆறரை, இங்கே மதியம் ஒரு மணி. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பேன். சட்டைப் பையில் வசந்தியின் போன் அதிரும். குழுவில் அல்லாமல் தனியாக, "துன்னியாக்கா?" என்று இருக்கும். "ஆச்சும்மா" என்று போடுவேன். பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். எப்போதிருந்து இப்படிக் கேட்கிறாள், ஏன் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. பெண்கள் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள்போல என்று இருந்துவிட்டேன்.

வருடம் திரும்பி ஆனி வந்தது. திவசத்தைத் திருப்பதியில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். நித்யா வரவில்லை. "அங்கே வந்து நான் யாரிடம் என்ன பேசுவேன், டாட்?" என்றாள்.

புறப்படுவதற்கு முன் குழுவில், வசந்தியாக, 'ஊருக்கு வருகிறோம்' என்று எழுதினேன். யோசித்துத்தான் எழுதினேன். அப்படி ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டால்தான் நேரில் போய் நின்று சொல்வேன் என்று என்னை எனக்குத் தெரியும். ஆடி முதல் ஞாயிறு எல்லாரும் தேவகி தோட்டத்துக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. ஒரு பாத்தி காலியாக வைக்கிறோம், அக்கா கைராசிக் கையால் அவரை விதை ஊன்ற வேண்டும் என்று சுஜாதம்மா குரல் பதிவு போட்டார். கடைசியில், 'அப்போதாவது பேசுவாயா வசந்தி?' என்று கேட்டிருந்தார்.

5

திருப்பதியில் திவசத்தை முடித்துவிட்டு, ஆடி முதல் ஞாயிறு போனேன். நாராயணவனத்தில் கோயில் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் தேவகியின் வீடு. பின்னால் பத்து சென்ட் தோட்டம், ஒரு கிணறு. கத்தரியும் வெண்டையும் நேர்வரிசையில் நின்றன. வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை. வந்திருந்த ஏழெட்டுப் பேரும் ஈரத்துணியில் சுற்றிய கிளை, பொட்டலத்தில் விதை என்று கொண்டுவந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லையாம். நான் விமான நிலையத்தில் வாங்கிய சாக்லேட் டப்பாவோடு நின்றேன்.

"வாங்கண்ணா" என்றாள் தேவகி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அக்கா எங்கே என்று கேட்கவில்லை. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் முரளி என்கிற பையன்; பையன் என்ன, இரண்டு குழந்தைக்குத் தகப்பன்; அவனும் அக்கா எங்கே என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. யாருமே கேட்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களை உள்ளுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஓர் ஆட்டோ வந்து நின்றது. சுஜாதம்மா. எழுபதை நெருங்குகிறவர், மூட்டு வலியோடு இறங்கினார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஏதோ பொடி. வந்ததும் வராததுமாய் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தார். முகத்தை இல்லை, கையை. தழும்பைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"வசந்தி எக்கட?" என்று என்னிடம் வந்தார். "நீங்கதானே வசந்தி வூட்டுக்காரரு? இந்தாங்க. அதிமதுரம், மிளகு, பனங்கல்கண்டு. என் கையால இடிச்சேன். காத்தால ஒரு ஸ்பூன் துன்னச் சொல்லுங்க. எங்க அவ, வண்டியில கீறாளா?"

மூன்று வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "மை வைஃப் இஸ் நோ மோர்" என்றேன்.

நோ மோர் வாட் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

"எப்புடு?" என்றார் சுஜாதம்மா. எப்போது என்று கேட்கிறார்.

"போன வருஷம். ஆனி மாசம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆசிரியை இல்லையா. எண்ணிமுடித்துவிட்டு, "அப்ப தொண்டை?" என்றார்.

நான் தலை குனிந்தேன்.

"பொய்யாய்யா?" குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வசந்திக்கு மறுபடி குரல் வந்தா, கால்நடையா மலை ஏறி வரேன்னு ஏழுகொண்டலவாடுகிட்ட வேண்டி மொக்குகினேன்யா. இந்த முட்டிய வெச்சிகினு. செத்துப் போனவளுக்கா நான் மொக்குகினேன்? சாமிகிட்ட என்னப் பொய்க்காரியா நிக்க வெச்சிட்டியே."

பாட்டிலை என் காலடியில் வைத்துவிட்டுக் கிணற்று மேடையில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

6

தேவகி என்னைத் தோட்டத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனாள். அங்கே கொத்தி, எரு போட்டு, மட்டம் செய்த ஒரு பாத்தி காலியாகக் கிடந்தது.

"எங்களுக்குத் தெரியும்ணா" என்றாள். "சுஜாதம்மாவுக்குத்தான் தெரியாது."

"எப்படிம்மா?"

"போன ஆடியில, அவரை ஊனட்டுமான்னு நான் கேட்டேன். 'இப்போது விதைக்க வேண்டாம், மண் குளிர்ந்து கிடக்கிறது, பொறுத்து விதை'ன்னு பதில் வந்துது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சின்னப் பசங்க கூட சொல்லும். அக்கா சொல்லுமாண்ணா ஆடியில விதைக்காதேன்னு?"

அந்தச் செய்தி எனக்கு நினைவு வந்தது. எழுதும்போது நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வசந்தி எந்தக் கேள்விக்கும் ஜன்னலைப் பார்த்துப் பதில் எழுதியதில்லை. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்த்து எழுதினாள். அதற்காகத்தான் அது எங்கள் வீட்டில் தொங்கியது. அவள் போனபிறகு அதைக் கிழிக்க ஆளில்லாமல் ஆனியிலேயே நின்றிருந்தது.

"அப்புறம் அந்தக் கையுறை" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. "மண்ணத் தொடறதுக்கு அக்கா உறை மாட்டுமா? முரளி பார்த்துட்டு போன் பண்ணி ஓன்னு அழுதான்."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"சாவ எப்படிண்ணா ஊகத்துல கேக்கறது? சேதி வூட்டுலருந்து வரணும். நாங்களா கேட்டு, அக்கா உசுரோட இருந்தா? அந்த வாய எங்க கொண்டு கழுவுறது? அதனாலதான் சுஜாதம்மாகிட்டயும் சொல்லல." குனிந்து பாத்தியில் ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நீங்க செஞ்சது தப்புண்ணா. நாப்பது பேரு இருந்தோம். ஒத்தரும் அழல. தலைக்கு ஊத்திக்கல. அக்காவுக்குன்னு இங்க ஒரு மனுஷாளும் இல்லாத மாதிரி வெச்சிட்டீங்க. தெனம் அந்தப் பேருலருந்து மெசேஜ் வரும். செத்தவங்க பேரு. சாமிய நெனச்சிகினுதான் தொறப்பேன்ணா."

இதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் துக்கத்தைத் தள்ளிப்போட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் எல்லாருடைய துக்கத்தையும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

"அப்ப தினமும் துன்னியாக்கான்னு..."

"அக்காவையா கேட்டேன்? அக்கா உங்களப் பத்தி சொல்லும். 'அவரு நல்லவரு தேவகி, வாய்தான் தொறக்க மாட்டாரு. இங்க வூட்டுக்குள்ள ரெண்டு பேரு, பேசறது நான் ஒருத்திதான், சுவத்துக்குத்தான் காது வலிக்கும்'னும். அந்த மனுஷன் தனியா இன்னா துன்றாரோன்னு உங்களத்தான் கேட்டேன்."

கிணற்று மேடைக்குத் திரும்பி வந்தேன். சுஜாதம்மா பக்கத்தில் உட்காரத் தைரியமில்லை. கீழே மண்ணில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வசந்தி சொன்னது சரி, எனக்கு வாய் திறக்காது. அவரே, முகத்தைத் திருப்பாமல், "அவ குரல் இருந்திச்சி என் பழைய போன்ல. பிள்ளை புது போன் வாங்கித் தந்தான். எல்லாம் போச்சி" என்றார்.

வசந்தியின் போனை எடுத்தேன். அனுப்பியதெல்லாம் அதில் இருந்தது. முந்தின வருடத்துக்கும் முந்தின ஆடியில் ஒன்று, நாற்பது நொடி. அழுத்தினேன்.

'சுஜாதம்மா, பாகுன்னாரா?' என்று ஆரம்பித்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், எங்கள் சமையலறைக் குழாய். ஆடி பிறந்துவிட்டது, காற்று அடங்கட்டும் என்று உட்கார்ந்திராதீர்கள், இன்றைக்கே விதை போடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அது நாளை மறுநாள் ஆகும் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனாள். பதிவின் நடுவில் நான் இருமியது கேட்டது. 'எங்க வூட்டுக்காரரு. ஸ்வெட்டர் போடச் சொன்னா கேட்டாத்தானே' என்று தமிழில் ஒரு வரி. அப்புறம் சிரிப்பு. அவ்வளவுதான்.

கிணற்றைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். சுஜாதம்மா கையை நீட்டி, "இன்னொக சாரி" என்றார். இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். மூன்றாவது தடவை முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொந்து வச்சேசிந்தி" என்றார். குரல் வந்துவிட்டது. "நான் ஏறணும்."

அப்போதுதான் அழுதேன். வாய் விட்டு, ஒரு கூட்டத்துக்கு நடுவில், அறுபது வயதில்.

தேவகி பம்புசெட்டைப் போட்டாள். சேதி கேட்டால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா. பெண்கள் ஒவ்வொருவராகப் புடவையோடு குனிந்து தலையைக் காட்டினார்கள். முரளி சட்டையோடு நனைந்தான். பதின்மூன்று மாதம் தாமதமாக வசந்திக்குத் தலை முழுகினார்கள். சுஜாதம்மாவுக்கு தேவகி செம்பில் மொண்டு ஊற்றினாள்.

ஈரத்தோடு வந்து, "இனிமே விதைக்கலாம்" என்று தேவகி என் உள்ளங்கையில் அவரை விதைகளை வைத்தாள். எனக்குக் கைராசி கிடையாது, நான் தொட்டதெல்லாம் கருகியது என்று சொன்னேன். "நீங்க ஊனுங்க, தண்ணி நாங்க ஊத்தறோம்" என்றாள். ஊன்றினேன். முரளி போனை நீட்டிக்கொண்டு, "அண்ணா, கைய வெய்ங்க" என்றான். வைத்தேன். உறை இல்லாமல்.

அன்றைக்கே என் எண்ணையும் குழுவில் சேர்த்தாள் தேவகி. வசந்தியின் எண்ணை நீக்கிவிடு என்று சொன்னேன். குழு நடத்துகிறவளுக்கு ஒரு நொடி வேலை. அவள் மறுத்தாள். "என் கையால அக்காவ எடுக்க மாட்டேன்ணா. அது உங்க வேல. எப்ப முடியுதோ அப்ப செய்ங்க."

7

மூன்றாம் நாள் சுஜாதம்மா மலை ஏறினார். நான் பின்னால் ஏறினேன். வழிநெடுக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடங்களில் தோளை மட்டும் ஊன்றக் கொடுத்தேன், ஊன்றிக்கொண்டார். மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

இப்போது ஹாமில்டனில் இருக்கிறேன். காலண்டரில் ஆனியிலிருந்து மிஞ்சியிருந்த தாளையெல்லாம் கிழித்துப்போட்டேன். அது முடிந்துபோன வருடத்துக் காலண்டர் என்பதால் அடியில் அட்டைதான் மிஞ்சியது. ஊரிலிருந்து கொண்டுவந்த புதியதை அதே ஆணியில் மாட்டினேன். நித்யாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், கிறிஸ்துமஸில் அவளிடம் சொன்ன பொய்யையும். முழுக்கக் கேட்டுவிட்டு, அம்மாவின் அந்தக் குரலை எனக்கும் அனுப்பு என்றாள். அதில் பாதி தெலுங்கு, மீதி தமிழ், உனக்குப் புரியாதே என்றேன். "பரவாயில்லை" என்றாள், ஆங்கிலத்தில். அனுப்பினேன்.

நேற்று விடுமுறை. வீட்டில் இருந்தேன். குழுவில் தேவகி ஒரு படம் போட்டிருந்தாள். பாத்தியில் அவரை முளைத்திருக்கிறது. இரண்டிரண்டு இலை, பக்கத்தில் அவள் கை. யாரும் எதுவும் எழுதவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வசந்தியின் போனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். குழுவிலிருந்து வெளியேறு என்கிற இடத்தை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஒன்பது அலுவலகத்திலும் இதைத்தான் கேட்டார்கள். அழுத்தினேன். அந்தப் பக்கம் என் சொந்தப் போனில், குழுவின் அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. வசந்தி வெளியேறினார்.

நாற்பது பேரில் ஒருவரும் ஒரு சொல் போடவில்லை. மணி பன்னிரண்டரையிலிருந்து ஒன்று வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு என் போன் அதிர்ந்தது.

"துன்னீங்களாண்ணா?"

'ஆச்சும்மா' என்று விரல் தன்னால் அடித்துவிட்டது. அழித்தேன்.

"இல்லம்மா" என்று எழுதினேன்.

"மொதல்ல போய் துன்னுங்க. அப்புறம் பேசலாம்" என்று வந்தது. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.